செல்லமுத்து டிவியில் சொன்னது

கள்ளக்குறிச்சியில் ஒருவர் பெரிய மனிதராக வேண்டுமென்றால் முதலில் அவர் சாக வேண்டும். பிறகு சென்னையில் யாராவது அவர் பெயரைச் சொல்ல வேண்டும். செல்லமுத்து முதல் காரியத்தை எண்பத்திரண்டிலேயே முடித்துவிட்டார். இரண்டாவதற்குத்தான் எட்டு வருஷம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அப்போது டிவியில் பழைய நாடாக்களைத் தூசி தட்டி ‘அன்று கண்ட முகங்கள்’ என்று சனிக்கிழமை சாயங்காலங்களில் காட்டிக்கொண்டிருந்தார்கள். வரும் வாரம் பல்குரல் பாடகர் கள்ளக்குறிச்சி செல்லமுத்து என்று அறிவிப்பாளர் பெண் ஒரு நாள் சிரித்தபடி சொன்னாள். செல்லமுத்து சென்னைக்குப் போய் டிவியில் மூன்று தடவை ஆடிப் பாடியவர். மிஞ்சியது எழுபத்தேழில் எடுத்த ஒன்றுதான். நாடா விலை அதிகமாக இருந்த காலம். ஒன்றின் மேல் இன்னொன்றைப் பதிவது வழக்கம். மற்ற இரண்டு செல்லமுத்துகளின் மேல் என்ன ஏறியதோ, யூரியா பற்றிய பேச்சோ பாலத் திறப்பு விழாவோ, யாருக்குத் தெரியும்?

அறிவிப்பு வந்த மறுநாளே எங்கள் ஊரில் ‘செல்லமுத்து நினைவுக் கலை மன்றம்’ பிறந்தது. தலைவர், அரிசி ஆலை அதிபர் அரங்கநாதன். கலைக் காவலர் என்ற பட்டம் அவருக்கு அன்று காலையில் கிடைத்தது. கொடுத்தவர் அவரே. மன்றத்தின் முதல் வேலை சுவரொட்டி. அதில் அரங்கநாதன் முழுசாகக் கைகூப்பி நின்றார். மூலையில் ஒரு வட்டத்துக்குள் தோள்வரை முடி புரளும் பாகவதர் ஒருவரின் ஓவியம் இருந்தது. செல்லமுத்துவுக்கு முப்பது வயதிலேயே முன்மண்டை வழுக்கை. அவருடைய போட்டோ யாரிடமும் இல்லாததால் அச்சாபீஸில் கைவசம் இருந்த பாகவதரைப் போட்டுவிட்டார்கள். பார்த்தவர்கள் யாரும் ஆட்சேபிக்கவில்லை. செத்தவர்களுக்கு முடி வளர்வதில் எங்கள் ஊருக்கு ஆட்சேபம் இருந்ததில்லை.

ஆனால் செல்லமுத்து உண்மையிலேயே ஒரு ஆள்தான். ஐம்பதுகளில் திருவிழா என்றால் பெட்ரோமாக்ஸ் விளக்கு வருவதற்கு முன்பே அவர் பெயர் வந்துவிடும். மடியில் ஆர்மோனியம், கால் கட்டைவிரலில் கட்டிய சலங்கை, தோளில் ஒரு துண்டு. அவ்வளவுதான் அவருடைய கம்பெனி. துண்டு தோளில் கிடந்தால் ஆண்குரல். தலையில் ஏறினால் பெண்குரல். இடுப்பில் கட்டினால் போலீஸ்காரர். விருத்தாசலம் ரயில் மேட்டில் ஏற முடியாமல் மூச்சு வாங்குவதை அவர் வாயில் கேட்டுவிட்டு, ரயிலையே பார்த்திராத மலைக்காரர்கள் அதற்காக இரக்கப்பட்டிருக்கிறார்கள். எல்லாக் கட்சி மேடையிலும் பாடினார்; மெட்டு ஒன்றுதான், தலைவர் பெயரை மட்டும் மாற்றிக்கொள்வார். ஒரு முறை ரெண்டு கட்சிக்கும் ஒரே நாளில் கூட்டம் வந்து, இங்கே வாழ்க என்றவரை அங்கே ஒழிக என்று பாட வேண்டியதாகிவிட்டது. அதற்கும் அதே மெட்டு பொருந்தியது என்பதுதான் விசேஷம்.

வெள்ளிமலைத் திருவிழாவுக்குப் பாடப் போனவர் அங்கேயே சாலம்மாளைப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தார். கீழே கள்ளக்குறிச்சியில் ஓட்டு வீடு. பிள்ளை இல்லை. அவர் பாட்டுக்குப் போவதும் அவள் களை எடுக்கப் போவதுமாக நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, எழுபத்துநாலாம் வருஷம் மலைமேல் சாலம்மாளின் அம்மா சாகும்வரை.

அன்று செல்லமுத்து உளுந்தூர்பேட்டையில் ஒரு கல்யாண வீட்டில் பாடிக்கொண்டிருந்தார். சாலம்மாளின் தம்பி வேடியப்பன் மலையிறங்கி, பஸ் மாறி, பொழுது சாயும்போது பந்தல் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தான். கல்யாண வீட்டுக்குள் சாவுச் செய்தியோடு நுழையக் கூடாது. அதனால் பன்னீர் தெளிக்கிறவரிடம் சொல்லிவிட்டு வெளியிலேயே நின்றான். பன்னீர்க்காரர் உள்ளே போனதைப் பார்த்தான். மேடையிலிருந்து மாமா தன்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்ததையும் பார்த்தான். பாட்டு நிற்கவில்லை. கூட்டம் சிரித்தது. வேடியப்பன் திரும்பி வந்துவிட்டான்.

செல்லமுத்து வெள்ளிமலைக்குப் போனபோது அடக்கம் முடிந்து மூன்றாம் நாள். பாக்கெட்டில் கல்யாண வீட்டு ரோஜா வாடிக் கிடந்தது.

“சேதி வரலயே சாலா” என்றார்.

சாலம்மாள் வேடியப்பனைப் பார்த்தாள். வேடியப்பன் தரையைப் பார்த்தான். அன்றோடு அவள் புருஷனிடம் பேசுவதை நிறுத்தினாள். தாமதமாக வந்ததை மன்னித்திருப்பாள். பொய்யைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

ஒரே வீட்டில் பேச்சில்லாமல் இருக்கிறவர்களுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. பிள்ளை இருந்தால் பிள்ளையிடம் சொல்வார்கள். இல்லாவிட்டால் மாட்டிடம், தூணிடம், எதுவும் கிடைக்காவிட்டால் அம்மிக்கல்லிடம். சாலம்மாளிடம் ஒரு வெள்ளாடு இருந்தது.

“ஆடே, உங்க ஐயாகிட்ட சொல்லு. சோறு ஆறுது.”

“ஆடே, உங்கம்மாகிட்ட சொல்லு. நான் குளிச்சிட்டு வரேன்.”

பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாள் கேட்டே விட்டாள்: “ஏன்டி, ஆட்டுகிட்ட பேசறதுக்கு மனுஷன்கிட்ட பேசக் கூடாதா?”

“ஆடு பொய் சொல்லாது” என்றாள் சாலம்மாள்.

எழுபத்தேழில் செல்லமுத்து சென்னைக்குப் போய் டிவியில் பாடிவிட்டு வந்தார். கள்ளக்குறிச்சிக்கு அப்போது டிவி வரவில்லை. பெட்டி வாங்கினாலும் புள்ளிகள்தான் தெரியும். ஊரில் அந்த நிகழ்ச்சியைப் பார்த்தவர் ஒரே ஒருவர்: சரக்கு எடுக்கச் சென்னைக்குப் போயிருந்த ஜவுளிக்கடை கொளஞ்சியப்பன். திரும்பி வந்ததும் நேரே சாலம்மாளிடம் போனார்.

“சாலம்மா, உன் வூட்டுக்காரரு உன்ன மாதிரியே முக்காடு போட்டுக்கினு ஆடாட்டம் கத்துறாரு. பட்டணமே சிரிக்குது. என் கண்ணால பாத்தேன்.”

அன்று சாயங்காலம் சாலம்மாள் வெள்ளாட்டைத் தம்பியோடு மலைக்கு அனுப்பிவிட்டாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் தபால் போக்குவரத்தே இல்லை. செல்லமுத்து யாராவது கேட்டால் ஒன்றுதான் சொல்வார்: “சொல்ல வேண்டியத டிவில சொல்லிட்டேன். வூட்டுல இன்னா சொல்றது?” பட்டணத்துக்குப் போய் வந்ததிலிருந்து தலைக்கனம் என்று தெரு முடிவு செய்தது. ஐந்து வருஷம் கழித்து இருமலில் போய்ச் சேர்ந்தார். கடைசி நாட்களில் கஞ்சி கொடுத்தது, துடைத்துவிட்டது எல்லாம் சாலம்மாள்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. காரியம் முடிந்ததும் மலைக்கே போய், சாமை விதைத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

வேடியப்பன் சுவரொட்டியைப் பார்த்துவிட்டு வந்து சொன்னபோது அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

“அன்னைக்கிப் பாடனதேவா?”

“அதேதான்க்கா. மில்லுக்காரரு களத்துல பொட்டி வெச்சி ஊருக்கே காட்றாங்களாம்.”

“மொத பஸ்ஸுக்குப் போவலாம்” என்றாள். “இன்னாதான் சொன்னாருன்னு கேட்டுக்கினு வந்துடறேன். மானத்த வாங்கியிருந்தா வாங்கியிருக்கட்டும். தெரிஞ்சிக்கினு சாவலாம்.”

நெல் காயவைக்கும் களத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. முன்னால் பட்டுத்துணி விரித்த மேசை. அதன்மேல் அரங்கநாதனின் புது கலர் டிவி. ஆலைக் கூரையில் ஆன்டெனா. அதைத் திருப்புவதற்கு ஆலை ஃபிட்டர் அம்மாசி மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தார். டிவிக்கு எதிரே ஒரு சோபா. அதன் முதுகில் ‘மறைந்த பாடகரின் குடும்பத்தார்’ என்று காகிதம் ஒட்டியிருந்தது. அதில் அரங்கநாதனின் மனைவி லட்சுமியம்மாள், அவருடைய தங்கை, அம்மா, நாத்தனார் ஆகியோர் நெருக்கியடித்து அமர்ந்திருந்தார்கள். சாலம்மாள் பின்னால் தவிட்டு மூட்டைகளின் ஓரமாகக் குந்தினாள்.

“யக்கா, சோபா உனக்குத்தான் போட்டுக்கீறாங்க. நான் போய்ச் சொல்லட்டா?”

“சும்மா குந்துடா. பொட்டி தெரியுது, போதும்.”

விழா தொடங்கியது. எங்கள் ஊரில் எந்த இயந்திரமும் பூஜை போடாமல் வேலை செய்யாது. செய்தாலும் நாங்கள் நம்ப மாட்டோம். டிவிக்கு ரோஜா மாலை போட்டார்கள். தேங்காய் உடைத்தார்கள். சூடம் காட்டினார்கள். நடுக் கண்ணாடியில் சந்தனம் அப்பி, அதன்மேல் கட்டைவிரல் அளவுக்குக் குங்குமம் வைத்தார்கள். கையோடு மைக்கும் திறக்கப்பட்டது.

முதலில் கொளஞ்சியப்பன் பேசினார். நேரில் கண்ட சாட்சி என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள்.

“எழுபத்தேழாம் ஆண்டு! அண்ணா சாலையில் நின்று அந்த வரலாற்றுச் சிறப்புமிக்க நிகழ்ச்சியை இந்த இரு கண்களால் கண்டவன் நான்!” என்று தொடங்கி, தாம் அன்று எடுத்த வேட்டி ரகங்களையும் சேர்த்துச் சொல்லி முடித்தார்.

பிறகு கலைக் காவலர். “செல்லமுத்து அவர்களை இந்த உலகம் இன்றுதான் அறிகிறது. நான் அன்றே அறிவேன்! உளுந்தூர்பேட்டையில் எனது திருமணம். மாலையில் அமர்ந்தார், விடிய விடியப் பாடினார். ஒரு நிமிஷம் நிறுத்தினாரா? இல்லை! ஏன்? நான் கேட்டுக்கொண்டேன். என் ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டார். கலைஞனுக்கும் ரசிகனுக்கும் உள்ள உறவு அது!”

தவிட்டு மூட்டை ஓரத்தில் வேடியப்பன் அக்காவின் முழங்கையைத் தொட்டான். அவள் தலையை அசைத்தாள். கேட்டுவிட்டாள்.

“மொதலாளி! ஆரம்பிச்சிட்டாங்க!” என்று யாரோ கத்தினார்கள். டிவியில் அறிவிப்பாளர் பெண் தோன்றி வாயசைத்துக்கொண்டிருந்தாள். அரங்கநாதன் நிறுத்தவில்லை. அவருக்கு இன்னும் தம்முடைய தாத்தா காலம் பாக்கியிருந்தது. அறிவிப்பாளர் போய்விட்டாள். திரை முழுக்கக் கறுப்பு வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன.

“அம்மாசி, திருப்பு!”

“வந்துச்சா?” கூரையிலிருந்து குரல்.

“இல்ல!”

“இப்ப?”

“வந்துச்சி வந்துச்சி! அப்டியே புடிச்சிக்க! கையை எடுக்காத!”

புழுக்கள் அடங்கின. ஜமுக்காளத்தின் மேல் ஆர்மோனியத்தோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். முன்மண்டை வழுக்கை. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் பெரிய குங்குமப் பொட்டு. வாயைச் சந்தனம் மறைத்திருந்தது. ரெண்டு பக்கமும் ரோஜா.

“இது யாரு?” என்றார்கள் சுவரொட்டியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்.

அரங்கநாதன் டிவியை ஒட்டியே நின்று, “இதோ, நமது…” என்று தொடங்கினார். அவரைக் கடந்து ஒரு கிழவி வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. மாலையைக் கழற்றிக் கலைக் காவலர் கையில் கொடுத்தாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள், கஞ்சி வழிந்த வாயைத் துடைக்கிற மாதிரி. மேசைக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.

“யாரும்மா நீ? பின்னால போம்மா” என்றார் அரங்கநாதன், மைக்கில்.

“கொஞ்சம் சும்மா இருங்க மொதலாளி. அவுரு பேசறாரு.”

அந்தப் பதிலுக்குக் களத்தில் எழுந்த சிரிப்பில் கலைக் காவலர் மைக்கோடும் மாலையோடும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். மைக் அவர் கையில் டிவிப் பக்கமாகச் சாய்ந்தது. செல்லமுத்துவின் குரல் களம் முழுக்கக் கேட்டது. அரங்கநாதன் மன்றத்துக்குச் செய்த தொண்டு அது ஒன்றுதான்.

ஆர்மோனியம் இழுத்தது. துண்டு தோளில்.

“வெள்ளிமலை ஏறி வந்தேன் வெயிலு சாயும் நேரம் – என்
காலு ரெண்டும் நோவுதடி ஒங்க அப்பன் வூடு தூரம்.”

துண்டு தலைக்கு ஏறியது. குரல் மாறியது என்று சொன்னால் போதாது. ஆளே மாறினார். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது, உதட்டோரம் இறுகியது.

“தூரமின்னா திரும்பிப் போயேன், தொணதொணன்னு பேச்சு – ஒனக்குத்
தெனைக்கஞ்சி காச்சி வெச்சேன், ஆறிப் போயே போச்சு.”

களத்திலிருந்த பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பெட்ரோமாக்ஸின் ‘உஸ்’ சத்தமும் பொரி மணமும் எங்கிருந்தோ வந்துவிட்டன. தெற்குத் தெருத் திருவிழாவில் அம்மா மடியில் தூங்கிவிட்டு, இந்தக் குரலுக்கு எழுந்து உட்கார்ந்தவர்கள் அங்கே பாதிப் பேர். அப்போது நாங்கள் சிரித்த சிரிப்பு அத்தனை பெரியது. அதைச் சிரித்த வாய்கள் இப்போது பல் இல்லாமல் அதே இடத்தில் சிரித்தன. அவர் ரயிலை மேட்டில் ஏற்றினார். ரயில் ஏறாதபோது கூரையிலிருந்த அம்மாசிகூட “தம் கட்டு, தம் கட்டு” என்றார்.

அப்புறம் செல்லமுத்து துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார்.

“ஆடே, உங்க ஐயாகிட்ட சொல்லு. சோறு ஆறுது.”

சாலம்மாளின் முதுகு விறைத்தது.

“மே…” என்றது ஆடு. ரெண்டு கையும் ஆர்மோனியத்தில் இருந்ததால் துண்டை இறக்க முடியவில்லை. ஆடும் முக்காட்டோடுதான் கத்தியது. இதைத்தான் கொளஞ்சியப்பன் பார்த்திருக்கிறார்.

“அப்ப கத்தறது ஆடு. சாலம்மா இல்லியே” என்றார் ஒரு பெரியவர் கொளஞ்சியப்பன் பக்கம் திரும்பி. “ஏன்யா, காதுல கேட்டுத்தான சொன்ன?”

கொளஞ்சியப்பன் தொண்டையைச் செருமினார். “கடைக்கு உள்ள வெச்சிருந்தான் பொட்டிய. நான் வெளிய நின்னேன். கண்ணாடி சாத்தியிருந்துது.”

“அப்ப நீ எதையும் கேக்கவே இல்ல?”

“பாத்தேன்னுதான சொன்னேன். கேட்டேன்னு நான் எப்ப சொன்னேன்?”

“உஷ்!” என்றாள் சாலம்மாள்.

திரையில் சண்டை முற்றியது. மனைவி ஒன்று சொல்வாள். கணவன் ஒன்று சொல்வான். நடுவில் ஆடு இங்கும் அங்கும் ஓடி மூச்சிரைத்தது. மனைவி சொன்னதில் எல்லாம் நியாயம் இருந்தது. கணவன் சொன்னதெல்லாம் சாக்கு. கடைசியில் ஆடு மனுஷக் குரலில் சலித்துக்கொண்டது: “எனக்கு இன்னா தலையெழுத்து? நான் தழை தின்னவா, தபால் சொமக்கவா? யோவ் பாட்டுக்காரரே, இத்த மட்டும் நீயே சொல்லிடு. எனக்குப் பொய் சொல்ல வராது.”

செல்லமுத்து துண்டை எடுத்துத் தோளில் போட்டார். ஆர்மோனியத்தை மூடினார். காமிராவைப் பார்த்தார். பார்த்த விதத்தில் களத்திலிருந்த எல்லாருக்குமே தங்களுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் இருந்தது.

“சாலா, சேதி வந்துச்சி. சாயங்காலமே வந்துச்சி. வேடி வாசல்ல நின்னான், நான் பாத்தேன். எந்திரிக்கத்தான் போனேன். மாப்பிள்ள வந்து காதுல சொன்னாரு, நீ எழுந்து போனா ஏன்னு கேப்பாங்க, கல்யாண வூட்டுல சாவு சேதி வந்துச்சின்னு தெரிஞ்சா பொண்ணு வூட்டுக்காரங்க சகுனம் பாப்பாங்க, பாடிக்கினே இரு, வெளிய மூச்சு வுடாதன்னாரு. கைமேல சத்தியம் வாங்கிக்கினாரு. பாடுனேன். அவுங்க சிரிச்சாங்க. உங்கம்மா அங்க கெடந்தா, நான் இங்க ரயில் வுட்டுக்கினு இருந்தேன். சத்தியம் பண்ணிட்டனேன்னு உங்கிட்ட பொய் சொன்னேன். ஊருல சொன்னாத்தான சத்தியம் தப்பறது. பட்டணத்துல சொன்னா பரவால்லன்னு வந்தேன்.”

அப்புறம் அவர் பாடினார். ஆர்மோனியம் இல்லை. பெண்குரலில், பெண்கள் மட்டும் பாடுகிறதை.

“கல்ராயன் மலையிலே கருமேகம் கூடையிலே – என்னப் பெத்தவளே
கண்ணு மூடிப் போனியே நான் வந்து சேராமே.”

அடுத்த அடியில் குரல் அவருடையதாகிவிட்டது. ஆண்கள் ஒப்பாரி வைக்கிற பழக்கம் இல்லாததால் கொஞ்சம் பிசிறடித்தது.

“தெனை வெளஞ்ச காட்டிலே குருவி வெரட்ட ஆளில்லே – என் அத்தே
தேடுன மருமவன் வந்து தெருவோட நிக்கறேன்.”

அந்தக் காலத்து அறிவிப்பாளர் பெண் ஒருத்தி பூந்தொட்டிக்குப் பக்கத்தில் வந்து, மிகவும் நகைச்சுவையான நிகழ்ச்சி என்று சொல்லி நன்றி கூறினாள். கறுப்பு வெள்ளை முடிந்தது. கலரில் ஒரு விவசாய அதிகாரி வந்து கரும்பில் இடைக்கணுப் புழுவைப் பற்றி ஆரம்பித்தார்.

களத்தில் யாரும் எழவில்லை. சோபாவில் லட்சுமியம்மாள் மட்டும் மெதுவாகத் திரும்பிப் புருஷனைப் பார்த்தார்.

“உளுந்தூர்பேட்டையில நடந்தது நம்ம கல்யாணந்தான? நம்ம கல்யாணத்துலயா சாவு சேதி வந்துச்சி?”

“அப்புறம் பேசலாம்” என்றார் அரங்கநாதன். மைக் இன்னும் அவர் கையில் இருந்ததால் அது ஊருக்கே கேட்டது.

“அதான் நானும் பாக்கறேன். கட்டுன நாளா நீ ஒரு நாளாவது நான் சொல்றத காதுல வாங்கறியா?” என்றார் லட்சுமியம்மாள். எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் இருந்தது.

கலைக் காவலர் நிலைமையைச் சமாளிக்கப் பொன்னாடையை எடுத்தார். தரையில் உட்கார்ந்திருந்த கிழவி யாரென்று அவருக்குள் இப்போதுதான் உறைத்திருந்தது. “இப்போது மறைந்த கலைஞரின் துணைவியார் அவர்களுக்கு…”

சாலம்மாள் எழுந்து நின்றாள். பொன்னாடையை வாங்கவில்லை.

“மொதலாளி, அவுருகிட்ட ஒண்ணு சொல்றீங்களா?”

“யாருகிட்டம்மா?”

அவள் பெட்டியைக் காட்டினாள். பெட்டியில் அதிகாரி ஒரு கரும்பை நீளவாக்கில் பிளந்து காட்டிக்கொண்டிருந்தார்.

“அவரு… போயிட்டாரேம்மா. ப்ரோக்ராம் முடிஞ்சிடுச்சி.”

“நீங்க சொல்லுங்க. அன்னைக்கி அவுரு காதுல சொன்னீங்க இல்ல? அதேபோல இத்தயும் சொல்லுங்க. நான் கேட்டுக்கினேன்னு சொல்லுங்க. அம்மாவும் கேட்டிருக்கும்னு சொல்லுங்க.”

யாருக்கும் தூது போயிராத மனிதர் அரங்கநாதன். தூது போகவேண்டிய இடத்தில் ஒரே ஒரு தடவை குறுக்கே நின்றவர். அவர் டிவியைப் பார்த்தார். ஊரைப் பார்த்தார். ஊர் அவரை, புல் தின்னாமல் நிற்கும் ஒரு ஆட்டைப் பார்ப்பதுபோல் பொறுமையாகப் பார்த்தது. லட்சுமியம்மாள், “சொல்லேன்” என்றார்.

“நமது பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய பல்குரல் மன்னர் செல்லமுத்து அவர்களே…”

“மன்னரு கின்னருல்லாம் வேணாம்” என்றாள் சாலம்மாள். “சும்மா சொல்லுங்க.”

அரங்கநாதன் மைக்கை அணைத்தார். கிட்டப் போய்க் குனிந்து, கரும்பு அதிகாரியின் காதருகே, “சாலம்மா கேட்டுக்கினாங்களாம். அவுங்க அம்மாவும் கேட்டிருப்பாங்களாம்” என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, “நான்தாம்பா அன்னைக்கி…” என்று இன்னும் ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னார். அது பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கவில்லை.

கடைசி பஸ் மலையேறும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. வளைவுகளில் வேடியப்பன் அக்கா பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தான். அழுகிறாள் என்று நினைத்தான். பஸ் கொஞ்சம் நிதானித்தபோது அவள் கேட்டாள்:

“டேய், என் கொரலு அப்டியாடா கீச்சுன்னு இருக்குது?”

“அவரு கொஞ்சம் கம்மியாத்தான்க்கா காட்னாரு.”

“கம்மியா?” சாலம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. “கழுத்த வேற இப்டி சாச்சிக்கினு! நான் எப்படா கழுத்த சாச்சேன்? சோறு ஆறுதுன்னு சொல்ல கழுத்து எதுக்குச் சாயணும்? நீங்களே சொல்லுங்க, இது நாயமா?”

வேடியப்பனை அவள் ‘நீங்க’ என்று ஒரு நாளும் அழைத்ததில்லை. வீட்டில் அப்படி அழைத்தது ஒருவரைத்தான், அதுவும் பதினாறு வருஷத்துக்கு முன்பு. கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஜன்னல் பக்கம் திரும்பித்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.